பவளம் தூங்குது

உக்காரு தாயி, உக்காரு. கூடைய மடியில தூக்கி வச்சுக்கிறேன், உனக்கு இடைஞ்சல் இல்ல. கடிக்காது. கடிக்கிற வயசா இது? பல்லே இன்னும் அரிசி அரிசியாத்தான் இருக்கு. துண்ட விலக்கிப் பாரு. பாத்தியா? வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. மூக்கப் பாரு, ரோசாப்பூவாட்டம். அதுக்குத்தான் பவளம்னு பேரு வச்சேன். சுத்தமான ராஜபாளையம் சாதி. கலப்பே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லித்தான் எந்தலையில கட்டினான், படுபாவி.

என்ன சொன்ன? உம் மகனுக்கு இப்படி ஒண்ணு வாங்கணுமா? அதுக்குத்தான் ராஜபாளையம் போறியா? நல்லவேளை, எம் பக்கத்துல வந்து உக்காந்த. முன் சீட்டுல உக்காந்திருந்தா நீயும் ஏமாந்துதான் போயிருப்ப. யார்கிட்ட வாங்கப் போற? போன்ல பாத்தியா? போட்டோ அனுப்பினானா? ஐயோ தாயி, போட்டோவ நம்பாத. போட்டோவப் பத்தி எங்கிட்டக் கேளு. எம் பொழப்பே போட்டோவுலதான்.

நான் கல்யாணத் தரகர். அருப்புக்கோட்டையில வந்து புஷ்பவல்லின்னு கேட்டுப் பாரு, சின்னப் பிள்ளைகூட வீட்டக் காட்டும். நான் முடிச்சு வச்ச ஜோடியெல்லாம் ஒரு இடத்துல குடியேறினா அதுக்குத் தனியா ஒரு ரேஷன் கடை தொறக்கணும். அப்படியாப்பட்ட என்னைய, எம் மூஞ்சிக்கு நேரா சிரிச்சுக்கிட்டே ஒருத்தன் ஏமாத்திப்புட்டான். நினைக்க நினைக்க வயிறு எரியுது. சோறு இறங்கல.

எதுக்கு இந்த வயசுல நாய்னு கேக்கிறியா? எங்க தெருவுல சங்கிலி அறுக்கிறானுக தாயி. பட்டப்பகல்ல. எதுத்த வீட்டுக்காரி கழுத்துல இன்னும் தழும்பு இருக்கு. எம் மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன்தான் ஒரு நாய் வளத்துக்கம்மான்னான். கேட்டுல ஒரு சத்தம் கேட்டா குரைக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு வேணும். ஆனா கண்ட நாயையும் உள்ள விட முடியுமா? நான் குலம் கோத்திரம் பாத்துக் குடும்பம் சேக்கிறவ. எவ வீட்டுலயாவது நாளைக்கு, "ஊருக்கெல்லாம் சாதி பாக்குற புஷ்பம் வீட்டுல தெருநாய் படுத்துருக்கு"ன்னு பேச்சு வந்துரக் கூடாதில்ல. வாங்கினா சாதி நாய். அதுலயும் பால்வெள்ளை. ஒரு பொட்டு இருக்கக் கூடாது. மூக்கு சிவப்பா இருக்கணும். இதுதான் என் கண்டிசன்.

முதல்ல போனது ஒரு பெரிய மனுசன்கிட்ட. கோதண்டராமராஜான்னு பேரு. ஊருக்கு மேக்க மாந்தோப்புல வீடு. பரம்பரையா நாய் வளக்கிறவுகளாம். போய்க் கும்பிடு போட்டு, குட்டி வேணும்னேன். உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாரு, அம்புட்டுத்தான் மரியாதை. அப்புறம் கேள்வி தாயி, கேள்வி! வீட்டுல யார் யாரு இருக்கீங்க? நான் மட்டுந்தான். தொழில் என்ன? சொன்னேன். அப்ப பாதி நாள் பஸ்லதான் இருப்பீங்க, குட்டிய யாரு பாப்பா? பக்கத்து வீட்டுல பாப்பாங்க. பக்கத்து வீட்டுல கேட்டீங்களா? கட்டிப் போடுவீங்களா, அவுத்து விடுவீங்களா? ஓடுறதுக்கு இடம் இருக்கா?

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. நான் கேக்குற கேள்வி தாயி அதெல்லாம்! பொண்ணு வீட்டுக்காரன் சார்பா மாப்பிள்ளை வீட்டப் பாத்து நான் கேக்குறது. என்னையப் பாத்து ஒருத்தர் கேட்டதே இல்ல.

சரி, காரியம் ஆகணுமேன்னு பொறுத்துக்கிட்டேன். குட்டியக் காட்டுங்கன்னேன். மொதல்ல தாயப் பாருங்கன்னு தாய் நாயக் கூட்டியாந்தாரு. அப்பனையும் காட்டினாரு. நாய்க்கு என்ன பெத்தவுகளப் பாக்கிறது, எனக்கென்ன சம்பந்தமா பண்ணணும்? அப்புறம் குட்டிகள விட்டாரு. அதுக பாலக் குடிச்சுக்கிட்டு இருக்கும்போது பின்னால போய் ஒரு எவர்சில்வர் தட்ட ணங்குன்னு தரையில போட்டாரு. எல்லாம் திரும்பிப் பாத்துச்சு. "காது சரியா இருக்கு, பாத்துக்கங்க"ன்னாரு. அதுல ஒரு குட்டி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா காதோரம் பழுப்பா ஒரு திட்டு. சாம்பார் தெறிச்ச மாதிரி. இது வேணாம், திட்டு இல்லாம பால்வெள்ளையாக் குடுங்கன்னேன்.

"வெள்ளை கூடக்கூட சில குட்டிக்குக் காது கேக்காமப் போயிரும்மா. திட்டு இருந்தா நல்லது. எனக்கு அழகு முக்கியமில்ல"ன்னாரு.

எனக்கு முக்கியங்க, அப்படின்னேன்.

அதுக்கும் அந்த மனுசன் கோவப்படல. அப்ப அடுத்த ஈத்துக்கு வாங்க, அதுக்கு முன்னால உங்க வீட்ட ஒருதரம் வந்து பாத்துக்கிறேன், வளக்க முடியலன்னா கண்டவுககிட்டக் குடுக்காம எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து விட்டுரணும்னு ஒரு கட்டளை வேற. மாப்பிள்ளை வீடு பாக்க வாராராம்! காசு குடுத்து வாங்கப் போற எனக்கு இம்புட்டு நிபந்தனை. வாசல் தாண்டி வந்து செருப்பப் போடும்போதே முடிவு பண்ணிட்டேன், இவர் மூஞ்சியில இனி முழிக்கிறதில்லைன்னு.

நீ சொல்லு தாயி, அன்னைக்கு அந்த மனுசன் கொஞ்சம் நயமாப் பேசியிருந்தா நான் இன்னொருத்தன்கிட்டப் போயிருப்பேனா? பாதிப் பழி அவருக்கும் உண்டு. நான் சொல்லுவேன்.

அதுக்கப்புறந்தான் இவன் மாட்டினான். செல்வக்கனின்னு பேரு. பேர்தான் கனி. போன எடுத்ததும், "அம்மா, சாப்பிட்டீங்களா?"ன்னான். யாரு தாயி இப்ப என்னையப் பாத்து அதக் கேக்கிறா? எம் மகன் கேட்டு வருசமாச்சு. ஒரு கேள்வி கேக்கல. எப்ப வேணும், என்ன கலர்ல வேணும், ஆணா பொண்ணா, அம்புட்டுத்தான். பால்வெள்ளை வேணும்ப்பான்னேன். "உங்களுக்குன்னே ஒண்ணு பிறந்திருக்கும்மா"ன்னான். அப்பன் நாய் ஒரு கோப்பையோட நிக்கிற போட்டோ அனுப்பினான். தாயக் காட்டுப்பான்னு நானும் ஒரு வார்த்தை கேட்டேன். "தாய் தோட்டத்துல இருக்கும்மா, புது ஆளுகளப் பாத்தா மிரளும்"ன்னான். வீட்டுக்கு வாரேன்னேன். "எதுக்கும்மா வெயில்ல அலையிறீங்க, பைபாஸ் டீக்கடைக்கு நானே கொண்டாந்துருறேன்"ன்னான்.

சிரிக்காத. எனக்குத் தெரியாமயா? மாப்பிள்ளையோட அண்ணன் ஒரு மாதிரி ஆளா இருந்தா, அவரு வெளியூர் போயிருக்காருன்னுதான் நானும் சொல்லுவேன். வீடு சின்னதா இருந்தா கோயில் மண்டபத்துல வச்சுப் பொண்ணு பாத்துக்குவோம்பேன். அது தொழில். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? கல்யாணத்துக்குத்தான் சொன்னாக. நாய்க்கா சொன்னாக?

உண்மையச் சொன்னா அந்தப் பய பேச்சுல நான் மயங்கிப் போனேன். நம்ம தொழிலுக்கு வந்தா நல்லா வருவான்னு நினைச்சேன். உனக்கு ஒரு பொண்ணு பாத்துத் தரேன்டான்னுகூடச் சொன்னேன். இப்பச் சொல்றேன் கேட்டுக்க, எந்த ஊர்லயும் அவனுக்குப் பொண்ணு கிடைக்க விடமாட்டேன்.

டீக்கடையில ஒரு அட்டைப்பெட்டியில வச்சுக் குடுத்தான். தொறந்து பாத்தேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தாயி, பொய் சொல்லல. இப்படித்தான், கையகலம், வெள்ளை வெளேர்னு, என் விரலப் பிடிச்சுச் சப்புச்சு. தாயப் பிரிக்கிற வயசு ஆகல அதுக்கு, அது அப்புறம் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். அப்ப எனக்கு எங்க தெரியும்? பால்னு நினைச்சேன். வெளுத்ததெல்லாம் பால்னு நினைச்சேன்.

தெருவே வந்து பாத்துச்சு. போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் வீட்டுல ஒரு நாய் இருக்கு, கொழுகொழுன்னு பழுப்பா. அவ வந்து பாத்துட்டு வந்த வேகத்துல திரும்பிப் போனா. எனக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடு ருசியா இருந்துச்சு. மாரியம்மன் பொங்கல் வந்துச்சு. எங்க பக்கத்துல வெடின்னா சும்மாவா, சிவகாசி கையெட்டுற தூரத்துல இருக்கு. சரம்சரமா வாசல்லயே கொளுத்துறானுக. போஸ்ட்மாஸ்டர் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போய் ஒண்ணுக்குப் போயிருச்சாம். எம் பவளம் திண்டுல படுத்து அசையாமத் தூங்குது! தூக்கிக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன். "பாத்துக்கங்கடி, இதுதான் சாதி நாயி, அணுகுண்டு போட்டாலும் அசையாது, ராஜ ரத்தம்"னேன். எல்லாரும் வாயப் பிளந்து பாத்தாளுக.

என்ன தாயி, அப்படிப் பாக்குற? உனக்குப் புரிஞ்சுருச்சு. எனக்குப் புரியல. எனக்குப் பெருமை கண்ண மறைச்சுருச்சு.

தடுப்பூசி போடப் போனப்பத்தான் டாக்டரம்மா பின்னால நின்னு கையத் தட்டினாக. சாவிக்கொத்த ஆட்டினாக. டேபிள் டிராயர இழுத்துச் சாத்தினாக. இது எம் மூஞ்சியவே பாத்து வால ஆட்டிக்கிட்டு நிக்குது. "ரெண்டு காதும் கேக்காதுங்கம்மா, பிறவியிலயே"ன்னாக. ஊசி எதுவும் கிடையாதான்னேன். கிடையாதுன்னுட்டாக.

வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னு பவளம், பவளம்னு கூப்பிட்டேன். யாரக் கூப்பிட்டேன்? இம்புட்டு நாளா வீட்டுக்குள்ள பேசிப் பேசி நான் யாருகூடப் பேசினேன்? ஒத்தையில இருக்கிறவளுக்கு அதுதான தாயி பெரிய வலி. ஊருல நடந்ததெல்லாம் அதுகிட்டத்தான் சொல்லுவேன். என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கும். எம்புட்டு அக்கறையாக் கேக்குதுன்னு நினைச்சுக்குவேன்.

அந்தச் செல்வக்கனிக்குப் போன் போட்டேன். அம்மான்னுகூடச் சொல்லல இந்தத் தடவை. என்ன சொன்னான் தெரியுமா? "வாங்குறதுக்கு முன்னால நல்லா விசாரிச்சிருக்கணும். உங்க வீட்டு வாசப்படி ஏறிட்டா உங்க பொருளு. அதுக்கப்புறம் எங்கிட்டக் கேக்கக் கூடாது."

இப்படி ஒரு வார்த்தைய மனுசன் சொல்லுவானா? ஈரம் இருக்கிறவன் சொல்லுவானா? போன வச்சுட்டான். மறுபடி அடிச்சா எடுக்கல. நேரா அந்த டீக்கடைக்கே போனேன். "அவன் இந்த ஊரே இல்லம்மா, எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக் கொண்டாந்து இங்க வச்சுக் குடுத்துட்டுப் போவான்"னாரு கடைக்காரரு. தாயும் இல்ல, தோட்டமும் இல்ல. கோப்பையோட நின்ன நாய் யாரு நாயோ.

முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அம்மா, இதுக்குக் காது கேக்காது, மத்தபடி தங்கமான குட்டி, வளக்கிறீங்களான்னு ஒரு வார்த்தை. நான் தூக்கிட்டுப் போயிருப்பேன். மனசாரத் தூக்கிட்டுப் போயிருப்பேன். இந்தக் குட்டிமேல எனக்கு என்ன கோவம்? இது என்ன பண்ணுச்சு? மறைச்சானே, அதுதான் ஆறல.

கண்டக்டர் தம்பி, செங்குளம் விலக்கு வந்தா சொல்லுங்க. நான் அங்க இறங்கணும்.

ஆமா தாயி, நான் ராஜபாளையம் வரைக்கும் வரல. இத ஒரு இடத்துல விடத்தான் போறேன். வச்சுக்க ஆசைதான். ஆனா நான் நாலு ஊரு சுத்துறவ. போன வாரம் கேட்டு தொறந்து கிடந்துச்சு, இது தெருவுல போய் நின்னுக்கிட்டு இருக்கு. ஷேர் ஆட்டோக்காரன் பின்னால எடுக்கிறான், ஹாரன் அடிக்கிறான், இது பாட்டுக்கு ஒரு வாழைப்பழத் தோல மோந்துக்கிட்டு இருக்கு. எதுத்த வீட்டுக்காரி ஓடிவந்து தூக்கலைன்னா அன்னைக்கே முடிஞ்சுருக்கும். மீன் மார்க்கெட்டுல விட்டுருன்னா ஒருத்தி. அவ நாக்கு அழுகிப் போகும். அந்த மாந்தோப்புக்காரர்கிட்டக் கேக்கலாம்னு தோணுச்சு. ஆனா என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக? நான் சொன்னேன்ல, கேட்டியாங்கிற மாதிரி பாப்பாரு. அதுக்கு நான் செத்துரலாம்.

செங்குளத்துல நான் முடிச்சு வச்ச ஜோடி ஒண்ணு இருக்கு. கார்த்தீஸ்வரின்னு பொண்ணு, மில்லுல ஷிப்டு வேலை. அவ புருசன் குருவையா. டெய்லர். வீட்டுலயே மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறான். தங்கமான பையன். குடி கிடையாது, ஒரு பீடி கிடையாது. ஒரே ஒரு குறை, சின்ன வயசுல காய்ச்சல் வந்ததுல காது போச்சு. நம்ம வாயசைவப் பாத்துப் பேசிருவான். முன்னால நின்னு பேசினா உனக்குத் தெரியவே தெரியாது.

அதான, தெரியவே தெரியாதுல்ல! பொண்ணு பாக்கப் போனப்ப நான் அவன் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். முழங்கையால ஒரு இடி இடிச்சா "சரிங்க"ன்னு சொல்லணும்னு பேச்சு. பொண்ணோட தாய்மாமன் ஓரத்துல நின்னுக்கிட்டு, "மாப்பிள்ளைக்கு மிஷின் எத்தனை ஓடுது?"ன்னாரு. நான் இடிச்சேன். இவன் "சரிங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சுட்டாக. மாப்பிள்ளைக்குக் கூச்சம், அதிர்ந்து பேச மாட்டாருன்னேன். பொண்ணுகூடச் சிரிச்சுச்சு. போகும்போது ஆட்டோவுல அவன் சொல்லிக்கிட்டேதான் வந்தான், "சொல்லிருவோம்க்கா, சொல்லிருவோம்க்கா"ன்னு. நீ வாய மூடிட்டு வான்னு நான்தான் அடக்கினேன். அவன் பேச்சக் கேட்டிருந்தா அந்தக் கல்யாணம் நடந்திருக்குமா?

கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் பொண்ணோட ஆத்தா சந்தனமாரி எங்க வாசல்ல வந்து தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நின்னா. மண்ணள்ளித் தூத்தினா. நான் அசரல. "ஏம்மா, கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவளுக்குப் புத்தி எங்க போச்சு? பொண்ணு குடுக்கிறதுக்கு முன்னால நல்லா விசாரிச்சிருக்கணும். தாலி ஏறிட்டா உங்க மாப்பிள்ளை. அதுக்கப்புறம் எங்கிட்டக் கேக்கக் கூடாது"ன்னேன். தலைய அள்ளி முடிஞ்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா. சொல்ற விதத்துல சொல்லணும் தாயி.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட? காத்து அடிக்குதா?

இப்ப அதுக ரெண்டும் எப்படி இருக்குதுக தெரியுமா? போன தை மாசம் ஒரு வரன் விசயமா அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். கார்த்தி அடுப்படியில இருந்து தரையில காலால ஒரு தட்டுத் தட்டுது, மிஷின்ல இருக்கிறவன் திரும்பிப் பாக்கிறான். கால் வழியா அதிர்வு போகுதாம். ரெண்டு தட்டுன்னா சாப்பிட வா. அத நினைச்சுத்தான் பவளத்துக்கு நானும் பழக்கினேன். இங்க பாரு, கூடையக் கீழ வைக்கிறேன். இப்ப காலால தட்டுறேன். பாத்தியா? முழிச்சுருச்சு! எம் மூஞ்சியப் பாக்குது பாரு. யாரு தட்டினதுன்னு அதுக்குத் தெரியும். வா, வா, மடிக்கு வா.

நான் அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்டச் சிரிச்சுக்கிட்டே கேட்டேன், "என்ன கார்த்தி, இப்ப நல்லாத்தான இருக்க, அக்கா மேல கோவம் போயிருச்சா?"ன்னு. காபித் தம்ளரக் கையில குடுத்துட்டு அது சொல்லுது, "அவர்மேல எனக்கு என்னைக்கும் கோவமில்லக்கா. முதல்லயே சொல்லியிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அதச் சொல்ல விடாமப் பண்ணிட்டீங்க. ஊரு முழுக்க என்னைய ஏமாந்தவங்குது. இவர நானாத்தான் கட்டிக்கிட்டேன்னு சொல்லிக்க எனக்கு வழி இல்லாமப் போச்சு."

இது என்ன பேச்சு? எனக்குப் புரியல. நல்லா வாழ்ந்துக்கிட்டு இருக்கா, அப்புறம் என்ன குறை? மறைச்சாங்கிறதையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு.

சரி, கழுதை, அது கிடக்குது. அன்னைக்குப் பேச்சுவாக்குல ஒரு நாய் கிடைச்சா நல்லாருக்கும்கான்னு சொல்லுச்சு. அது ஞாபகம் வச்சுத்தான் நேத்துப் போன் போட்டேன். ராஜபாளையம் குட்டி ஒண்ணு சும்மாவே தாரேன், கல்யாணப் பரிசா வச்சுக்கன்னேன். கார்த்திக்குச் சந்தோசம் தாங்கல. ஆனா முதல் கேள்வி என்ன கேட்டுச்சு தெரியுமா? "காது நல்லாக் கேக்குமாக்கா?"

எதுக்குக் கேக்குறன்னேன். "நான் ஷிப்டுக்குப் போயிட்டா வாசல்ல யாரு வந்து கூப்பிட்டாலும் இவருக்குத் தெரியாதுக்கா. துணி தைக்க வந்தவுக நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருறாக. அன்னைக்கு ஒருத்தன் பின்பக்கமா வந்து ஆட்ட அவுத்துட்டுப் போயிட்டான், இவரு முன்னால தைச்சுக்கிட்டு இருக்காரு. ஒரு நாய் இருந்தா ஓடிப்போய் இவரு வேட்டியப் பிடிச்சு இழுக்கும்ல. இவருக்குக் காதா இருக்கும்ல" அப்படின்னுச்சு.

நான் என்ன சொன்னேனா?

கேக்கும்னுதான் சொன்னேன். பாம்புச் செவின்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற? இன்னைக்கு இத அங்க விடலைன்னா வேற போக்கிடம் இல்ல. பழகிட்டா அப்புறம் விடுவாளா? பிள்ளை மாதிரி வச்சுக்குவா. குருவையாவையே வச்சுக்கிட்டா, இத வச்சுக்க மாட்டாளா?

ரோட்டோரத்து வீடான்னு கேக்குறியா? ஆமா, ரோட்டோரந்தான். லாரி போகும், நெல்லு லாரி, மண்ணு லாரி எல்லாம் போகும். கேக்கும்னு நம்பி அவுத்துத்தான் விடுவா. எனக்குத் தெரியாதா தாயி அது? நீ ஏன் இப்படி ஒண்ணொண்ணாக் கேக்குற, அந்த மாந்தோப்புக்காரராட்டம்? உண்மையச் சொல்லிக் குடுக்கலாம்தான். சொல்லலாம். சொன்னா அவ என்ன சொல்லுவா தெரியுமா? "அன்னைக்கும் இதே மாதிரி சொல்லியிருக்கலாமேக்கா"ம்பா. குரல ஒசத்தாம, தம்ளரக் கையில குடுத்துட்டுச் சொல்லுவா. அவ ஆத்தா மாதிரி மண்ணள்ளித் தூத்தினா எனக்குப் பதில் சொல்லத் தெரியும். இவளுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல.

விலக்கு வந்துருச்சா? இருங்க தம்பி, ஒரு நிமிசம்.

அந்தா நிக்கிறாக பாரு, புளியமரத்தடியில. பச்சைச் சேலைதான் கார்த்தி. பக்கத்துல நிக்கிறவன்தான் அவன். கையில என்ன வச்சிருக்கான்? பட்டையா? ஆமா, கழுத்துப் பட்டை. தைச்சிருக்கான் தாயி! துணியில தைச்சு, சலங்கை கோத்திருக்கான். சலங்கை எதுக்கு? இவனுக்கும் கேக்காது, அதுக்கும் கேக்காது. கார்த்திக்குத்தான் கேக்கும். வேலை முடிஞ்சு வரும்போது குட்டி எங்க ஓடுதுன்னு அவளுக்குத் தெரியணும்னு கோத்திருக்கான்.

ஜன்னல் ஜன்னலாத் தேடுறா என்னைய. இங்கதான் பாக்குறா. கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காரு தாயி, உனக்குப் பின்னால மறைஞ்சுக்கிறேன். அந்த ஷட்டர இறக்கு. இறக்கிரு.

இல்ல தம்பி, நான் இறங்கல. விசில் குடுங்க. ராஜபாளையத்துக்கே ஒரு டிக்கெட் போட்டுக் குடுங்க. வெயிலு, தம்பி. இந்த வெயில்ல யாரு இறங்குவா?

பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு என்ன பயம்? அவ கையத் தட்டிப் பாப்பா தாயி. கூடைய வாங்கினதும் முதல் காரியமா பின்னால நின்னு கையத் தட்டித்தான் பாப்பா. எங்கிட்டயிருந்து எது வந்தாலும் இனி தட்டிப் பாக்காம வாங்க மாட்டா. அது திரும்பிப் பாக்காது. எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வால ஆட்டும். அதப் பாத்துக்கிட்டு நான் நிக்கணுமா?

நீ அந்த மாந்தோப்புக்குத்தான் போகணும் தாயி. பஸ் ஸ்டாண்டுல இருந்து மேக்க போனா யாரும் சொல்லுவாக. கேள்வி கேப்பாரு, பதில் சொல்லு. தாயக் காட்டச் சொல்லு, தட்டப் போடச் சொல்லு, திட்டு இருந்தாலும் பரவாயில்லன்னு வாங்கிக்க. எம் பேர மட்டும் சொல்லாத. நான் இத வச்சுக்கிட்டு எதிர் பஸ்ல வீட்டுக்குப் போயிருவேன். கேட்ட இறுக்கிப் பூட்டிக்கணும், அம்புட்டுத்தான்.

போன் அடிக்குது. எம் பையிலதான். எடுக்க வேணாம், அவதான். நின்னு தேடிட்டு அடிக்கிறா. இல்ல, இரு, நீ எடுத்துச் சொல்லிரேன் தாயி. இந்தப் போன் வச்சிருக்கிறவுக முந்தின ஊர்லயே இறங்கிட்டாக, போன மறந்து வச்சுட்டாகன்னு சொல்லிரு. உன் குரல் அவளுக்குத் தெரியாது. ஒரு சின்னப் பொய்தான. சொல்ல மாட்டியா?

மாட்டேல்ல. சரி, விடு. அடிக்கட்டும்.

நின்னுருச்சு. இல்ல, மறுபடி அடிக்குது. பவளத்தப் பாரு, போன் இருக்கிற பை மேலயே தலைய வச்சுக்கிட்டு அது பாட்டுக்குத் தூங்குது. குடுத்து வச்சது. எனக்குத்தான் கேட்டுத் தொலைக்குது.